மூன்றாவது நிறுப்பு

கிட்வேயில் இன்றும் எட்டு மணிக்கு மின்சாரம் போனது.
எப்போது வரும் என்று அட்டவணை சொல்கிறது.
அட்டவணையை யாரும் நம்புவதில்லை.
உருக்காலைப் புகை தொண்டையில் கரகரக்க
மெழுகுவத்தி வெளிச்சத்தில் திட்டம் எழுதுகிறேன்.
ப்வெம்பியாவோடு இரண்டு நாளாய்ப் பேச்சில்லை.

உலோகக் கார்பனேட் ஒன்றைச் சூடாக்கினால்
எவ்வளவு இழக்கும்?
எப்படி அறிவாய்?
கேள்வித்தாள் இவ்வளவுதான் கேட்கிறது.

தாமிரக் கார்பனேட், இரண்டு கிராம்.
ஜாடியில் ஒன்பதுதான் மிச்சம்,
நான்கு தவறுகளுக்கு மேல் இடமில்லை.
ஈயத்தையும் கேட்டுப் பார்த்தோம்.
திருமதி ம்வீங்கா அலமாரிச் சாவியைத் தரவில்லை.
அவர் பிறந்தது கப்வேயில்.
நாங்கள் காரணம் கேட்கவில்லை.

துத்தநாகம் சூட்டில் மஞ்சளாகும்,
ஆறியதும் வெளுத்துவிடும்,
நிறத்தை இரண்டு தடவை குறிக்க வேண்டும்.
சோடியம் நம் அடுப்புக்கு அசையவே அசையாது.
அசையாமலிருப்பதும் ஒரு பதில்தான் என்று
ஓரத்தில் எழுதினேன்,
பிறகு அடித்துவிட்டேன்.
தேர்வாளருக்குப் பழமொழி எதற்கு.

வாயு சுண்ணாம்புத் தெளிநீருக்குள் போகட்டும்,
பால்போல் கலங்க எத்தனை நொடி என்று எண்ணலாம்.
முதலில் குழாயை நீரிலிருந்து எடு,
அப்புறம்தான் சுடரை விலக்கு.
வரிசை மாறினால்
குளிர்ந்த நீர் பின்னேறி வந்து
கொதிக்கிற கண்ணாடியை வெடிக்கவைக்கும்.
இந்த வரிக்கு மட்டும் இரண்டு கோடுகள்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை.
பச்சைத் தூள் உலை அரிசிபோல் துள்ளியது,
ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்கியது.
என் கணக்குப்படி மிஞ்ச வேண்டியது
ஒன்று புள்ளி இரண்டு ஒன்பது.
தராசு சொன்னது
ஒன்று புள்ளி நான்கு நான்கு.

வேகவில்லை என்றேன்.
மறுபடி சுட்டு, ஆறவைத்து, நிறுத்தான்.
நான்கு நான்கு.
தட்டைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம்.
நான்கு நான்கு.
உனக்கு எண்கூடப் படிக்கத் தெரியாதா என்றேன்,
மற்ற ஐந்து மேசைக்கும் கேட்கிற குரலில்.
சோதனைக்குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
அவன் போனான்.

இப்போதுதான் பார்க்கிறேன்.
பக்கத்தின் அடியில், அவனுடைய குட்டி எழுத்தில்:
குழாய் வாயருகே துளிகள். எங்கிருந்து?

எங்கிருந்து?
நான் எழுதிய வாய்பாட்டில் நீருக்கு இடமே இல்லை.
கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க
சுரங்கக் கழிவு மேட்டிலிருந்து வந்த பச்சைக் கல்
வாசலில் கிடக்கிறது.
மாலகைட். புத்தகத்தின் பின்பக்கத்தில் தேடினேன்:
பாதி கார்பனேட்,
பாதி ஹைட்ராக்சைடு.
நீரை வயிற்றில் வைத்திருக்கிற கல்.
அந்தத் தூளும் இந்தச் சாதிதான்.
ஜாடியின் லேபிள் சொன்னது பச்சைப் பொய் இல்லை,
பாதிப் பெயர்.

மெழுகு சொட்டிய தாளில் மறுபடி கணக்கிட்டேன்.
இரண்டு, பெருக்கல் நூற்றைம்பத்தொன்பது,
வகுத்தல் இருநூற்றிருபத்தொன்று.
ஒன்று புள்ளி நான்கு நான்கு.

அவன் மூன்று முறையும் சரியாகத்தான் படித்தான்.

ஏழாவது படியைத் திருத்துகிறேன்:
குழாயின் வாய் சற்றே தாழ்ந்திருக்கட்டும்,
துளி திரும்பி ஓடிக் கண்ணாடியைக் கீறாமலிருக்க.
துளியைத் துடைக்காதே, குறித்துக்கொள்.
முதலில் கண்டவர் பெயரை எழுத
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

கைபேசியில் மூன்று சதவீதம்.
மன்னிப்பு எழுத எழுத நீண்டுகொண்டே போகிறது.
எல்லாவற்றையும் அழித்துவிட்டு
1.44 என்று மட்டும் அனுப்பினேன்.

ஒரு டிக்.
அவன் தெருவிலும் இருட்டுத்தான்.