துவக்கின் பின்பக்கம்

குடலைப் பருவத்தில் மூன்று ஏக்கர்.
ஐந்து ஆனை.
ஆனைவெடி முடிந்து தகரத்தில் தட்டினேன்,
தகரமும் நசுங்கிப் போயிற்று.
துவக்குக்கு எழுதிப் போடலாம் அக்கா,
முதலில் பழகின சான்றிதழ் கொண்டு வாங்க
என்றார்கள் கச்சேரியில்.

அம்பாறையில் ஒரு வகுப்பு, மூன்று நாள்.
இரண்டு பஸ் மாறிப் போனேன்.
கண்ணாடிக் கதவு, ஏசிக் குளிர்.
பெண்களுக்குக் கழிவு உண்டு என்றான் மேசைப் பெடியன்.
சுவரில் குறிபார்க்கும் கடதாசி:
தலை, தோள்,
நெஞ்சில் வட்டத்துக்குள் வட்டம்.
ஆனைப் படம் இல்லையா தம்பி?
சிரித்தான்.
அந்தத் தோள்
என் கூடப்பிறந்தவனுடைய அளவு.

மற்றது வெள்ளாவெளியில்,
கமநல நிலையத்துக்குப் பின்னால்,
கிழமைக்கு ஒரு பின்னேரம்.
படிப்பிக்கிறவள் பெயர் செவ்வந்தி.
எங்கட பிள்ளையாக்கும் என்று நினைத்தேன்,
சிங்களப் பிள்ளை, வனஜீவராசித் திணைக்களம்.
மகளின் கொப்பித் தாளில்
கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன்:
தமிழில் சொல்லுவீங்களா?
குப்புறப் படுக்க வேணுமா?
தோளில் உதைக்குமா?
பின்னுக்கு நின்று என் கையை ஆரும் பிடிப்பாங்களா?
கடைசியை வாசிக்காமல் விட்டேன்.
அவளே சொன்னாள், உடைந்த தமிழில்:
நான் தொட மாட்டேன். சொல்லுவேன். நீங்க செய்யுங்க.

துவக்கு எனக்குப் புதிதில்லை.
பத்தொன்பது வயதில் வலையிறவுப் பாலத்தடியில்
அரிசிப் பையை இறக்கி வைத்து
அடையாள அட்டையை நீட்டின நாளெல்லாம்
அதன் வாயைப் பார்த்திருக்கிறேன்.
சின்ன வட்டம். உள்ளே இருட்டு.
பின்பக்கத்தை இன்றைக்குத்தான் கண்டேன்:
மரம், எண்ணெய் மணம், ஒரு கீறல்,
மண்வெட்டிப் பிடி போல வழுவழுப்பு.

முதல் பாடம் சுடுவதில்லை.
மடக்கித் திற.
கண்ணால் பார்.
பிறகு விரலை விட்டுப் பார்.
வெறுமைதானா?
மூடு. திரும்பவும் திற.
பதினேழு தரம்.

காதுக்குப் பஞ்சு தந்தாள்.
இதை வைத்தால்
ஆனை வாறது எப்படிக் கேட்கும் பிள்ளை?
அவளுக்கும் தெரியவில்லை.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
பஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

காசைக் கட்டிவிட்டு வந்தேன்.
என்னம்மா பழகினீங்க?
வெறுமையா என்று பார்க்க.
அவ்வளவுதானா?

இரவு பரணில் நித்திரை வரவில்லை.
பாலத்தடியில் நின்றவனும்
விடிய எழும்பி
ஒரு தரம் கழற்றிப் பார்த்திருப்பானா?
ஒருவேளை ஒரு நாளாவது
அது வெறுமையாக இருந்ததோ,
நான் அட்டையை நீட்டிய கை நடுங்கிக்கொண்டு நிற்க?

மின்வேலிக்கு அங்கால்
கிளை ஒன்று முறிந்தது.
இருட்டில்
நசுங்கின தகரத்தைத் தடவித் தேடினேன்.