மலை உப்புக்கொத்தி

பேர்தான் மலை உப்புக்கொத்தி.
லா ஹுண்டாவில் மலையும் இல்லை, உப்பும் இல்லை.
கடலுக்கு இரண்டு நாள் வண்டி ஓட்ட வேண்டும்.
இதைக் கரைப்பறவை என்று எழுதிவைத்தவன்
குலத்தைப் பார்த்திருக்கிறான், குடியிருப்பைப் பார்க்கவில்லை.

மே மாத உழவில்
டிராக்டர் முன்னால் ஒரு மண்கட்டி எழுந்து ஓடியது.
இறங்கிப் பார்த்தேன்:
குளம்படி அளவு பள்ளம், மூன்று முட்டை.
ஆரஞ்சுக் கொடி நட்டுவிட்டு
வளைத்து உழுதேன்.
அந்த இடத்தில் சோளம் இன்னும் கோணலாக நிற்கிறது.

ஆகஸ்டில் பறவை போயிற்று.

செப்டம்பரில், 109ஆம் சாலையில்,
ஆண் டரான்டுலா வளையைவிட்டு வந்தது.
எட்டு வருஷம் இருட்டு, பிறகு ஒரே ஒரு நடை.
தாரைத் தொட்டுக் கேட்டு, தொட்டுக் கேட்டு
ஒவ்வொரு காலாக வைத்தது.
பின்னால் மாட்டு லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
எட்டில் எந்தக் காலை அவசரப்படுத்துவது?
பெண் எங்கோ புல்லடியில்,
இருபது வருஷமாக அதே வாசல்.

நிறுத்துப் பார்த்தால் ஏழு சிலந்தி ஒரு பறவை.
தூரத்தை அளந்தால்
ஒன்று ஆயிரம் மைல், ஒன்று ஒரு மைல்.
ஆயிரம் மைல் போனது திரும்பி வரும்.
ஒரு மைல் போனது வராது.

அக்டோபரில் ரொசெண்டோ போனான்,
கலிஃபோர்னியாவுக்கு, லெட்டூஸ் வெட்ட.
டிசம்பரில் ஃபோன்:
"டெல்ஃபினா, உன் குருவி இங்கேதான் இருக்கு.
ஆடு மேஞ்ச வயல்ல இருபது நிக்குது."
எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை.
எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்குதாம்,
அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

கொடியை இன்னும் பிடுங்கவில்லை.
வெயிலில் வெளுத்து
ஆரஞ்சென்று சொல்ல முடியாது இப்போது.