நான்கு துளை

யாஹிமோவில்
நிலவறைகளுக்குப் படி இறங்குவது என் பிழைப்பு.
சுரங்கத்தை மூடி நாளாயிற்று.
தோண்டிப் போட்ட கழிவை அந்தக் காலத்தில் யாரோ
வீடு கட்டும் சாந்தில் குழைத்திருக்கிறார்கள்.
சுவர் மூச்சு விடுகிறது.
அந்த மூச்சுக்கு நிறமில்லை, மணமில்லை,
ரேடான் என்று பெயர் மட்டும் உண்டு.
அதன் எதிரே ஒரு கருவியை வைத்து
தேதி எழுதி, கையெழுத்து வாங்கி வருவேன்.
முன்னூறைத் தாண்டினால் அலுவலகம் கடிதம் அனுப்பும்.

அதற்கு நான் பயந்ததில்லை.
கீழேயே உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறேன்.
தெருக்கோடிக் குளியல் விடுதியில்
இதே வாயு கரைந்த நீரில் மூழ்க
மூட்டுவலிக்காரர்கள் காசு கட்டி வரிசையில் நிற்கிறார்கள்.
அங்கே கடிகாரம் பார்த்து இருபது நிமிடம்.
இங்கே கடிகாரம் பார்க்காமல் நாற்பது வருடம்.

எனக்குப் பயம்
பொத்தான்.

சிரிக்கலாம். ஆய்வுக்கூடத்தில் யிட்கா
தேநீர் மூக்கில் ஏறும்வரை சிரித்தாள்.
இறுகத் தைத்திருப்பதை ஒருவாறு பொறுப்பேன்.
அறுந்து கிடப்பதை,
நூல் தளர்ந்து தலைகுப்புறத் தொங்குவதை,
நான்கு துளையாலும் என்னைப் பார்ப்பதை, முடியாது.
நாக்கின் அடியில் அதன் விளிம்பு தட்டுப்படும்.
நான் எதையும் விழுங்கியதில்லை,
எங்கள் வீட்டில் யாரும் விழுங்கிச் சாகவுமில்லை.
காரணம் தேடி ஒரு மருத்துவரிடம் எட்டு வாரம் போனேன்.
அவர் கோட்டில் ஆறு இருந்தன.
ஒன்பதாம் வாரம் போகவில்லை.

மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாம்.
எனக்கோ பட்டப்பகலில்,
வட்டமாய், பிளாஸ்டிக்கில்.

ஜனவரியில் லுபோரின் வீடு.
கொதிகலன் பழுது பார்க்கிறவர், தனி ஆள்.
கருவி காட்டியது ஆயிரத்து நூற்றுப் பத்து.
"ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்றேன்,
"படுக்கையறையிலாவது."
"வாசனையே இல்லாதது எப்படிக் கொல்லும்?"
நான் பதில் சொல்லவில்லை.
அவர் சட்டையின் இரண்டாவது பொத்தான்
ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தது.
சுவரைப் பார்த்து எண்களை விளக்கினேன்,
சுவரைப் பார்த்தே கையெழுத்து வாங்கினேன்.
மரியாதை தெரியாதவள் என்று நினைத்திருப்பார்.

வாசலில் அவராகவே சொன்னார்,
கதவுப் பிடியை விடாமல், என் காலணியைப் பார்த்து:
வௌவால்.
ஒன்பது வயதில், திறந்த ஜன்னல் வழியாக,
தலைமுடிக்குள்.
அன்றிலிருந்து இந்த வீட்டில் எந்த ஜன்னலும்...
"பனிக்காலத்தில் அவை தூங்கும். தெரியும்" என்றார்.
"தெரிந்து என்ன?"

தெரிந்து என்ன.
நானும் அப்போது என்னுடையதைச் சொல்லியிருக்கலாம்.
வாய்வரை வந்தது, விளிம்போடு.
விழுங்கிவிட்டேன்.

ஏப்ரலில் போகும்போது
ஜன்னல் வலை ஒரு சுருள் வாங்கிப் போனேன், என் காசில்.
காற்று நுழையும், சிறகு நுழையாது.
அவர் கழுத்து மூடிய கம்பளிச் சட்டையில் நின்றார்,
ஒரு பொத்தான்கூட இல்லை.
கவனித்திருப்பாரோ?
மற்றதெல்லாம் துவைக்கப் போட்ட நாளாகவும் இருக்கலாம்.
நான் கேட்கவில்லை.
ஆனால் அன்று அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.
இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது.

ஜூனில் அந்தச் சுருள்
பிரிக்காமல் கதவு மூலையில் சாய்ந்திருந்தது.
கருவியில் ஆயிரத்து எண்பது.
"முப்பது குறைந்திருக்கிறதே!" என்றார்,
பரிட்சையில் தேறிய பையன் போல.
அந்த முப்பது கருவியின் பிழைக்குள் அடங்கிவிடும்
என்பதை நான் சொல்லவில்லை.

யிட்கா நேற்றுக் கேட்டாள்:
"உன் வீட்டு நிலவறையில் எவ்வளவு?"
அலமாரியின் மேல்தட்டில்
எனக்கென்று ஒரு கருவி இருக்கிறது,
பத்து வருடமாய், முத்திரை கிழிக்காமல்.
வைக்க மூன்று நிமிடம் போதும்.