ஏழு பேர்ச் கதவு

ஆனி மழையில் ஊதிப்போச்சு என்றுதான் நினைத்தோம்.
திறக்கவும் பூட்டவும்
கைப்பிடியைத் தூக்கி
முழங்காலால் ஓர் இடி.
பொகவந்தலாவை பாஸ் ஆயிரத்தைந்நூறு கேட்டார்,
வந்து பார்க்க மட்டும்.

பூட்டின் நாக்கில் குங்குமம் தடவி
மூடித் திறந்தேன்.
துளைக்கு ஒரு நூல் கீழே
தகட்டில் பொட்டு.
நாக்கில் குற்றமில்லை.
கதவுதான் தொங்குகிறது.

மேல் பிணைச்சலில் திருகாணி சும்மா சுற்றியது.
மருந்தைக் கிள்ளிவிட்டு
மூன்று நெருப்புக்குச்சி ஓட்டைக்குள், கொஞ்சம் பசை,
கை நோக இறுக்கினேன்.
திறப்பின் பல்லுக்கு
டிலுக்ஷியின் பென்சில் கரி. எண்ணெய் விட்டால்
தூசியெல்லாம் குடிவந்துவிடும்.

க்ளிக்.
பக்கத்து வீட்டு அருள்மேரி எட்டிப் பார்த்து
"என்ன சத்தம்?" என்றாள்.
இன்னொரு தடவை பூட்டிக் காட்டினேன்.

காணி உறுதி இன்னும் வரவில்லை.
துரை கந்தோரைக் காட்டுகிறார்,
கந்தோர் கொழும்பை.
திறப்பு மட்டும் என் இடுப்பில்.

விடியப்புறம் பெக்டரியால் வந்தவர்
தன் திறப்பைத் திருகி,
பழக்கத்தில் தூக்கி, முழங்காலால் இடித்து,
அப்படியே
அடுப்படி வரை வந்து விழுந்தார்.