தோள்வரை

தோள்வரை கையை விட வேண்டும்.
கன்னம் கரிமண்ணில் அழுந்தும்,
வாயில் வேர்த்தூசு விழும்,
கண்ணுக்கு அங்கே வேலையில்லை.
விரல் நுனிதான் பார்க்கும்:
முதலில் ஈரம், பிறகு பழைய இறகு,
வளை திரும்பும் இடத்தில் ஒரு கல்.
அதைத் தாண்டினால்
சூடான பஞ்சுப்பொதி ஒன்று
உயிரோடு சீறும்.

ஏப்ரல் மாதத்துக் குஞ்சு
தாயைவிடக் கனம்.
பகலெல்லாம் கடலில் கிடந்து,
இருட்டியபின் கிளைகளில் மோதி விழுந்து,
நடந்தே வளைக்குப் போய்
எண்ணெயும் மீனும் கக்கி
அவள் தீத்திய கனம்.

ராக்கியூராவுக்குத் தெற்கே
எந்தக் கால அட்டவணையிலும் படகு வராத தீவில்
எங்கள் குடும்பத்துக்கு ஒரு சரிவு உண்டு.
தீத்தி என்போம் அந்தப் பறவையை.
பிடிப்போம், இறகு பறிப்போம், உப்பிடுவோம்,
கடற்பாசிப் பைகளில் அடைப்போம்.
ஒளிக்க ஒன்றுமில்லை:
நாங்கள் தின்கிறவர்கள்.
தாயைத் தொடமாட்டோம், முட்டையைத் தொடமாட்டோம்.
மே முடிந்தால்
பூட்டில்லாத தீவைப் பூட்டிவிட்டுப் போவோம்.

அந்த ஏப்ரலில்
என் விரல் தொட்டது ஓட்டை.
விளிம்பு ரம்பம் போல.
அடுத்த வளையில் ஒரு கால், சவ்வோடு.
அடுத்ததில் எதுவுமில்லை,
இல்லாததும் நாறியது.
பதினோராவது வளையில் ஏதோ ஒன்று
என் மணிக்கட்டின் மேல் ஏறி ஓடியது.
இலேசான பாதம்.
மயிரில்லாத நீண்ட வால்
கடைசியாக என்னைக் கடந்து போனது.

என் கத்தலுக்குத் தம்பி எருவேரா ஓடிவந்தான்.
"கடித்துவிட்டதா?"
இல்லை என்றேன்.
கடித்திருந்தால் தேவலை.

இரவு குடிசைக்கு வெளியே நின்றோம்.
மற்ற ஆண்டுகளில் அந்த நேரத்தில்
வானம் இடிந்து விழும்.
ஆயிரம் தொண்டை, ஆயிரம் இறக்கை,
பேச வேண்டுமானால் காதோடு காதாகத்தான்.
அன்று அலைச்சத்தம் கேட்டது.
இந்தத் தீவில் அலைச்சத்தம் கேட்குமென்று
நாற்பது வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.
போன பருவத்தில், புயல் அடித்த மூன்று இரவும்
பாறையில் கட்டிக்கிடந்தது எருவேராவின் படகு.
கயிற்றில் மாட்டவேண்டிய தகரத்தட்டு
பெட்டிக்குள் இருந்தது.
உருளைக்கிழங்கு மூட்டையில் ஒரு ஓட்டை,
அதை நைரி மீன்நூலால் தைத்தாள்,
நானும்தான் ஊசிக்கு வெளிச்சம் காட்டினேன்.
ஒரு சினை எலி போதும்.
அதற்கென்ன தெரியும்,
பசி, இருட்டு, ஒரு கயிறு.
எங்களைக் கரையேற்றியதும்
அதைவிடப் பெரிதாக எதுவுமில்லை.

ஏழு ஆண்டு உப்புப் பீப்பாயைத் திறக்கவில்லை.
பறவைகள் பூமியின் மறுபக்கம் போயிருந்த ஒரு குளிர்காலத்தில்
ஹெலிகாப்டர் வந்து பச்சை உருண்டைகளைத் தூவியது.
எல்லோரும் ஊர் திரும்பினோம்.
அவன் மட்டும் தங்கினான்.
முளைக்கு முளை மெழுகுக் கட்டி வைத்து,
நிலக்கடலை வாசம் தடவி,
காலையில் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து
நோட்டில் எழுதுவான்:
பல் இல்லை. பல் இல்லை. மழை. பல் இல்லை.
"நான்" என்று தொடங்கும் ஒரு வரி
அந்த நோட்டில் கிடையாது. தேடிப்பார்த்தேன்.

இந்த ஏப்ரலில் என்னைக் கூப்பிட்டான்.
பழைய சரிவு. அதே பதினோராவது வளை.
"நீ கை விடு" என்றான்,
தூரப்போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டு.
நடுவே ஒரு மூச்சு குறைந்திருந்தால்
அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்.

ஈரம்.
இறகு, புதியது.
கல்.
கல்லைத் தாண்டி
ஒரு கொக்கி அலகு
என் பெருவிரலைக் கிழித்தது.

வெளியே எடுத்த கையில் ரத்தம்.
அவன் வந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்,
பிறகு நோட்டைத் திறந்து
மெதுவாக எழுதினான்: ஒன்று.

குஞ்சை எடுக்கவில்லை.
நல்ல கொழுப்பு, விரல் சொன்னது.
போ, பறந்து பெருகு,
நான் இருந்தால் உன் பிள்ளைகளைத் தின்ன வருவேன்
என்று வளைவாயில் சொல்லிவைத்தேன்.

அன்றிரவு டின் மீன்.
விரலைக் கழுவாமல் சாப்பிட்டேன்.