நீலச் சட்டை, எம் அளவு

தோ பாயோவில், மூன்றாம் மாடியில்,
நகக்கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே எங்கள் ஏஜென்சி.
ஒன்பது வருடமாக அங்கே
வீட்டு வேலைக்கு வரும் பெண்களின்
விவரத்தாள் அடிக்கிறேன்.

உயரம். நிறை. மதம்.
நாய் என்றால் பயமா.
பன்றி இறைச்சி தொடுவாயா.
புருஷன் இருக்கிறானா, விட்டுப் போனானா.
பிள்ளைகள் எத்தனை, வயது என்ன.
உடம்பில் தழும்பு உண்டா, எங்கே.
கேள்விகளை நான் உண்டாக்கவில்லை.
கேட்கும்போது திரையையே பார்த்துக்கொள்வேன்,
அது ஒரு மரியாதை என்று நினைத்திருந்தேன்.

படத்துக்கு எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை.
எம் அளவு.
மெலிந்தவளென்றால் முதுகில்
துணிக் கிளிப் போட்டு இழுத்துப் பிடிப்போம்.
வாரம் ஒருமுறை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைப்பேன்.
யாரோ ஒருத்தியின் தாய்ப்பால் கறை
இன்னும் போகவில்லை.

யோகராணி. பொகவந்தலாவை.
நான்கு வருடம் முன்பு
தழும்புக் கேள்விக்கு அவள் வாய் திறக்கவில்லை,
அடிவயிற்றில் கை வைத்தாள்.
நான் சிசேரியன் என்று அடித்தேன்.

நேற்று, ஞாயிறு லீவில், வந்தாள்.
கைப்பேசியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.
முகம் தெரியாத ஒருவன்
நீலச் சட்டைப் படத்தை அவளுக்கே அனுப்பியிருந்தான்.
கீழே:
மகளுக்கு இப்போது பதினொன்று ஆகியிருக்குமே.
தழும்பு இன்னும் வலிக்கிறதா.

ஏழு என்று அடித்தது நான்.
நான்கைக் கூட்டியது அவன்.

"சட்டை என்னோடது இல்லக்கா.
மூஞ்சி என்னோடது. அத மட்டும் திருப்பிக் குடுங்க."

கையெழுத்து இருக்கிறதே என்றார் முதலாளியம்மா
உள்ளறையிலிருந்து, எழுந்துகூட வராமல்.
இருந்தது. விமானம் இறங்கிய இரவு,
இரண்டரை மணி, ஆங்கிலத்தில் பதினான்கு பக்கம்.
நான்தான் விரல் வைத்துக் காட்டினேன்,
இங்கே, இங்கே, இங்கே.

அழிக்கும் பொத்தான் எனக்குத் தெரியும். அழுத்தினேன்.
பக்கம் வெள்ளையானது. அவள் சிரிக்கப் பார்த்தாள்.
அப்புறம் சொல்ல வேண்டியிருந்தது:
அந்தத் தாள் வாட்ஸ்அப்பில்
அறுபத்தொரு பேருக்குப் போயிருக்கிறது.
வேண்டாம் என்று தள்ளியவர்கள்கூட
அவளை வைத்திருக்கிறார்கள்.

"கிளினிக் கவரையும் வீட்டு மேடந்தான் மொதல்ல பிரிப்பாங்க.
மாசம் தள்ளிப் போச்சா இல்லியான்னு
எனக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியும்."
கோபமாகச் சொல்லவில்லை.
பஸ் எண் சொல்வது போலச் சொன்னாள்.

போலீசில் சொல்லலாம் என்றேன்.
"அங்கயும் தாள் நிரப்பணுமா?"
கூட வருகிறேன், நானே நிரப்புகிறேன் என்றேன்.
"நீங்களா?" என்றாள்.

பிறகு, சும்மா கேட்பது போல,
"உங்க நிறை எவ்வளவுக்கா?"
சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
"புள்ளைங்க?"

இரண்டு முறை கலைந்தது.
எந்தத் தாளிலும் நான் அதை எழுதியதில்லை.
குளிர்சாதனத்தின் இரைச்சல் திடீரென்று பெரிதாகக் கேட்டது.
பெயரை மட்டும் சொன்னேன்,
ஒன்பது வருடத்தில் யாரும் கேட்காத பெயர்.
குமுதவல்லி.

ஒருமுறை உச்சரித்துப் பார்த்தாள்.
எழுதிக்கொள்ளவில்லை.

இன்று திங்கள். மியன்மாரிலிருந்து ஒருத்தி,
தின் மார் வே, இருபத்து நான்கு.
சட்டை இன்னும் ஈரம்.
உன் சட்டையிலேயே நில் என்று சைகை காட்டினேன்.
தழும்பு என்ற கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.
நான் கேட்கவில்லை.
உள்ளறையிலிருந்து கேட்டால்
என்ன சொல்வதென்று
இன்னும் முடிவு செய்யவில்லை.