கொள்முதல்

பள்ளிக்கூடத்து எடை மெஷின்
யார் ஏறினாலும் எண்பத்தெட்டு காட்டியது.
அதனால் விளையாட்டு விடுதித் தேர்வுக்கு வந்த
பதினான்கு பையன்களும்
நீடாமங்கலம் கொள்முதல் நிலையத்துக்கு
வரிசையாக நடந்து வந்தார்கள்,
என் தராசைக் கேட்டு.

குறுவை அறுத்த வாரம்.
சாலையில் பாதி, நெல்.
மேற்கே வானம் கருத்திருந்தது.
மூட்டைக்கு நாற்பது கிலோ, சாக்கின் எடை தனி
என்று எழுதியே தேய்ந்த பேனா
அன்று பிள்ளைகளின் பெயரை எழுதியது.

தேர்வாளர் வேதரத்தினம் கழுத்தில் ஓர் அளவு நாடா.
"கார்னருக்கு அறுபது கிலோவாவது வேணும் சார்.
இல்லன்னா இழுத்துட்டுப் போயிடுவானுங்க."

கொரடாச்சேரி ஆரோக்கிய நிக்சன் ஏறினான்.
அறுபத்தெட்டு.
பதினைந்து வயசுக்கு என்னடா தின்கிறாய் என்று யாரோ கேட்க,
"பழைய சோறுதாங்க" என்றான்,
அவ்வளவு உடம்புக்கும் மன்னிப்புக் கேட்பவன் போல.

கடைசியாக, முத்துப்பேட்டை ஜெகபர்.
ஒரு மூட்டை, மேலே மூன்று கிலோ.
பார்த்தாலே சொல்லிவிடுவேன்.
சிவப்பு எண் நாற்பத்தேழில் நின்றது.
நிமிர்ந்தேன்.
கால்சட்டைப் பை இரண்டும் புடைத்திருந்தன,
என் அம்பாரத்து நெல்.
சட்டை முன்புறம் வேறு நனைந்திருந்தது.
குழாயடியில் எத்தனை சொம்பு குடித்தானோ.

எடை கூட்டத் தண்ணீர் தெளித்த நெல்லைப்
பல்லில் கடித்தே கண்டுபிடிப்பவன் நான்.
ஈரம் பதினேழைத் தாண்டினால்
மச்சினன் நெல்லையும் காயவை என்று திருப்பியவன்.

நாற்பத்தேழு என்று எழுதினேன்.

அதுவும் போதவில்லை.

"சும்மா ஒரு ஆட்டம் பாக்கலாமே" என்றது நான்தான்.
லாரி வரவில்லை, எனக்கென்ன வேலை.
உலர்களத்துச் சிமென்ட்டில் உமியால் கோடு போட்டோம்.
சுமைக்காரர்கள் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

நிக்சன் பாடி வந்தான்.
ஜெகபர் இடது மூலையில்
விழுந்த காசைத் தேடுகிறவன் மாதிரி குனிந்து நின்றான்.
நிக்சன் குதிகாலைத் திருப்பிய நொடியில்
கணுக்காலில் பத்து விரலும் விழுந்தன.

இழுத்தான்.
விடவில்லை.
பரம்புப் பலகைபோல் களம் முழுக்கத் தேய்ந்துகொண்டே போனான்.
மற்ற ஆறு பேரும்
பார்த்துக்கொண்டே நின்றார்கள்.
நிக்சனின் விரல்நுனி உமியைத் தொட்டது.
புள்ளி நிக்சனுக்கு.

வேதரத்தினம் சொன்னது சரிதான்,
இழுத்துக்கொண்டுதான் போனான்.
இன்னொருத்தன் மேலே விழுந்திருந்தால்,
கோடு ஒரு முழம் தள்ளி இருந்திருந்தால்
என்று மூட்டைமேல் ஒரே சண்டை.
"என்ன இருந்தாலும் உடம்பு வேணும்ப்பா"
என்றார் அய்யாறப்பன்.
அவர் நாற்பத்தொன்பது கிலோ.
முப்பது வருடமாக மூட்டை தூக்குகிறார்.

பட்டியல் படித்தார்கள். ஜெகபர் இல்லை.
நிக்சன் நொண்டிக்கொண்டே போய்
அவனிடம் காலைக் காட்டினான்.
நகம் பதிந்த இடமெல்லாம் சிவப்பு.
"விடவே மாட்டியாடா நீ?"
இரண்டு பேரும் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
ரொம்ப நேரம்.

தூறல் விழுந்து
தார்ப்பாய்க்கு நாங்கள் ஓடியபோது
ஜெகபர் என் மேசைக்கு வந்தான்.
முழங்கை இரண்டிலும் தோல் இல்லை.
பையை வெளியே இழுத்து
மிச்சமிருந்த ஒரு பிடி நெல்லைக் கொட்டினான்.
"மீதி களத்துல சிந்திடுச்சு சார்.
எழுதினதுல கழிச்சுக்கிங்க."

கழிக்கவில்லை.
பேரேட்டில் இன்னும் நாற்பத்தேழுதான்.